பழி துப்பாக்கிக்கு, சிரிப்பு போலீஸுக்கு!

ஒரு போலீஸ்காரர் துப்பாக்கியை நீட்டுகிறார். விசையை அழுத்துகிறார். குண்டு வரவில்லை. உடனே நாம் என்ன செய்கிறோம்? சிரிக்கிறோம்.

2018 அக்டோபர். உத்தரப் பிரதேசத்தில் சம்பல் மாவட்டம். குற்றவாளியைத் துரத்திப் போன இடத்தில் சப்-இன்ஸ்பெக்டரின் கைத்துப்பாக்கி மக்கர் செய்துவிட்டது. எதிரே ஒளிந்திருப்பவனை மிரட்ட வேறு வழி தெரியாமல் வாயாலேயே ‘டாய்ங், டாய்ங்’ என்று கத்தினார். அந்த வீடியோ ஊர் உலகமெல்லாம் சுற்றியது. அடுத்த வருடம், 2019 ஆகஸ்ட். பீகாரில் சுபோல் மாவட்டம். முன்னாள் முதல்வர் ஜெகந்நாத் மிஸ்ராவின் இறுதிச் சடங்கு. முதல்வர் நிதிஷ் குமார் பக்கத்திலேயே நிற்கிறார். அரசு மரியாதைக்காக வானத்தை நோக்கி நீட்டிய 22 ரைஃபிள்களில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. அதற்கும் நாடே சிரித்தது.

ஒரு லாரி நடுவழியில் நின்றால் டிரைவரைத் திட்டலாம். ஒரே கம்பெனியின் 22 லாரி ஒரே நாளில் ஒரே இடத்தில் நின்றால்? ‘டிரைவரை விடுங்க, ஒர்க்‌ஷாப்பைப் போய்ப் பாருங்க’ என்று நாமக்கல்லில் டீக்கடைப் பையன்கூடச் சொல்வான். லாரிக்கு இருக்கும் இந்த நியாயம் போலீஸ் துப்பாக்கிக்கு மட்டும் ஏன் கிடையாது?

நிர்வாகத்திடம் கேட்டால் ரெடிமேடாக ஒரு பதில் வைத்திருப்பார்கள். ‘துப்பாக்கி பழசு சார். வெள்ளைக்காரன் காலத்து திரீ நாட் திரீ. புதுசு வாங்க ஃபைல் போயிருக்கு.’

இந்தப் பதில்தான் என் பிரச்னை. இது பாதி உண்மை. மீதிப் பாதியை மறைப்பதற்காகவே சொல்லப்படும் உண்மை.

திரீ நாட் திரீயை உங்களுக்குத் தெரியும். பெயர் தெரியாவிட்டாலும் உருவம் தெரியும். என் சின்ன வயதில் கருவூல வாசலில் சாய்ந்து நின்றது அதுதான். கைதியை பஸ்ஸில் கோர்ட்டுக்குக் கூட்டி வரும் காவலரின் தோளில் தொங்கியது அதுதான். கல்லூரி என்.சி.சி.யில் எங்களைத் தோள்பட்டை வலிக்க வலிக்கத் தூக்க வைத்ததும் அதுதான், சுட முடியாதபடி ஊமையாக்கப்பட்ட டிரில் ரைஃபிளாக. ஏறக்குறைய 4 கிலோ எடை. சும்மா தூக்கிக்கொண்டு நின்றாலே போதும், தேசபக்தி வியர்வையாக வழியும்.

ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் தொழில் செய்தவர். துப்பாக்கியின் அடியில் பெட்டி மாதிரி ஒரு மேகசினைப் பொருத்தி, ஒவ்வொரு தோட்டாவாக மேலே ஏறி வரும்படி செய்யும் யோசனைக்கு 1879ல் காப்புரிமை வாங்கினார். லண்டனை ஒட்டிய என்ஃபீல்டு என்ற ஊரில் பிரிட்டிஷ் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. இரண்டும் சேர்ந்து லீ-என்ஃபீல்டு. (புல்லட் பைக் ஓட்டுகிறவர்களே, உங்கள் வண்டியின் பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பதும் அதே என்ஃபீல்டுதான்.) நம் போலீஸ் கையில் அதிகம் புழங்கிய மார்க் 3 வகை 1907ல் வந்தது. கல்கத்தா பக்கம் இஷாப்பூர் தொழிற்சாலையில் நம்மவர்களே லட்சக்கணக்கில் செய்தார்கள். 1962ல் சீனாக்காரனை எதிர்த்து நம் ராணுவம் இமயமலையில் பிடித்துக்கொண்டு நின்றதும் பெரும்பாலும் இதைத்தான்.

இந்தத் துப்பாக்கியில் தானியங்கி என்று எதுவும் கிடையாது. போல்ட்டின் குமிழைப் பிடித்து மேலே தூக்கி, பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் மேகசினின் வாயில் நிற்கும் அடுத்த தோட்டாவை போல்ட் உந்திக்கொண்டு போய்க் குழலுக்குள் சேர்க்கும். கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். அவ்வளவுதான். வீட்டுக் கதவின் தாழ்ப்பாளும் இதுவும் ஒரே சாதி. மேகசினில் 10 தோட்டா. 1914ல் நன்றாகப் பழகிய பிரிட்டிஷ் சிப்பாயிடம் எதிர்பார்த்தது, ஒரு நிமிடத்தில் 15 முறை குறிபார்த்துச் சுடுவது. 300 கஜ தூரத்தில் இருக்கும் இலக்கை! கையால் இழுத்துத் தள்ளும் துப்பாக்கியில் நிமிடத்துக்குப் பதினைந்து. அதே துப்பாக்கிதான் நம் கான்ஸ்டபிள் கையில் ஒன்று சுட்டதும் இரண்டாவதுக்கு மல்லுக்கு நிற்கிறது என்கிறார்கள்.

ராசிபுரம் பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார். ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுது பார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். திரீ நாட் திரீ ஏன் இப்படிச் சிக்கிக்கொள்கிறது என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, இருபது வருடம் கிணறு வெட்டியவரிடம் ‘தண்ணீர் எங்கிருந்து வருகிறது?’ என்று கேட்டால் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

“தம்பி, துப்பாக்கி சிக்குதுன்னு சொல்றவங்கள்ல முக்காவாசிப் பேருக்குச் சிக்கறது துப்பாக்கியே இல்லீங்க. மேகசின்.”

அப்புறம் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தார். மேஜை மேல் நாலு பென்சிலை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றினார். “இதுதான் தோட்டா. பின்னாடி இருக்கற இந்தப் பட்டைதான் விளிம்பு. திரீ நாட் திரீ தோட்டாவுக்கு விளிம்பு வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும். எல்லா வில்லங்கமும் அங்கதான்.”

புரிந்தவரை சொல்கிறேன். தோட்டாக்கள் மேகசினுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. மேலே இருக்கும் தோட்டாவின் விளிம்பு, கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் போல்ட் தள்ளும்போது மேல் தோட்டா வழுக்கிக்கொண்டு போகும். மாறி, மேல் விளிம்பு கீழ் விளிம்புக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால்? போல்ட் தள்ளத் தள்ள மேல் தோட்டா கீழ்த் தோட்டாவின் விளிம்பில் முட்டி அதையும் சேர்த்து இழுக்கும். இரண்டும் பூட்டிக்கொள்ளும். கும்பல் பஸ்ஸில் ஒருவர் பை மற்றவர் பையில் மாட்டிக்கொண்டு இருவருமே இறங்க முடியாமல் நிற்பார்களே, அப்படி. இதற்குத்தான் ஐந்து ஐந்து தோட்டாவாகச் செருகி வைக்க ‘சார்ஜர்’ என்று ஒரு தகட்டுக் கிளிப் கொடுத்தார்கள். சார்ஜரில் தோட்டாக்களை முறைப்படி அடுக்கி, மேலே வைத்து ஒரே அழுத்தாக அழுத்தினால் விளிம்புகள் தன்னால் சரியாக உட்காரும். சார்ஜர் தொலைந்துபோய், நாலு தோட்டாவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக விரலால் அமுக்குகிறார் நம் காவலர். எது முன்னால் எது பின்னால் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிறகு எப்படிச் சிக்காமல் இருக்கும்?

அடுத்தது மேகசினின் வாய். தோட்டாவைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய தகட்டு உதடுகள். கீழே விழுந்தால் வளையும். கொஞ்சம் விரிந்தால் தோட்டா துள்ளி வெளியே வரும், கொஞ்சம் சுருங்கினால் போல்ட்டுக்கு எட்டாமல் தாழ்ந்தே நிற்கும். அடியில் தோட்டாக்களை உந்தும் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டாலும் அதே கதி. போல்ட் காற்றைத் தள்ளிக்கொண்டு போய்க் காலிக் குழலைப் பூட்டும். விசையை அழுத்தினால் ‘டிக்’. ‘குண்டு நமுத்துப் போச்சு’ என்பார்கள். குண்டு உள்ளேயே போகவில்லை!

பெரியவர் சொன்ன இன்னொன்று எனக்குப் புதுசு. இந்த மேகசினைக் கழற்றலாமே தவிர, சினிமாவில் காட்டுவது மாதிரி சும்மா சும்மா கழற்றி மாட்டுவதற்காகச் செய்ததல்ல. ஒரு துப்பாக்கிக்கு ஒரு மேகசின். அந்தத் துப்பாக்கிக்கு என்று இழைத்துப் பொருத்தியது. அதை இன்னொன்றில் போட்டால் உட்காரும், ஆனால் ஒரு நூல் தாழ்ந்தோ சாய்ந்தோ உட்காரலாம். நூறு துப்பாக்கியையும் நூறு மேகசினையும் கழற்றி, எண்ணெய் போட்டு, கலந்து மாட்டிவிட்டால் ஸ்டாக் ரெஜிஸ்டரில் கணக்கு நூறுக்கு நூறு சரியாக இருக்கும். துப்பாக்கி வேலை செய்யாது.

அப்புறம் தோட்டா. பித்தளை. அதைத் தோல் பட்டையில் மாதக்கணக்கில் செருகி வைத்தால் தோலும் பித்தளையும் சேர்ந்து பச்சைக் களிம்பு பிடிக்கும். உங்கள் வீட்டுக் குத்துவிளக்கில் பிடிக்குமே, அதேதான். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்க அம்மா இருக்கிறார். தோட்டாவுக்கு யார் இருக்கிறார்? களிம்பேறிய தோட்டா குழலுக்குள் முக்கால்வாசி போய் நின்றுகொள்ளும்.

இவை எல்லாம் பொருளின் கோளாறு. கையின் கோளாறும் உண்டு. போல்ட்டை முழுக்கப் பின்னால் இழுக்காமல் முக்கால்வாசி இழுத்துத் தள்ளுவது ஒன்று. அடுத்த தோட்டா போல்ட்டுக்கு முன்னால் வந்திருக்கவே இருக்காது. பாதி தள்ளிவிட்டு பயத்தில் மறுபடி இழுத்துத் தள்ளுவது இன்னொன்று. முதல் தோட்டா வழியிலேயே கிடக்க, இரண்டாவது அதன் முதுகில் முட்டும். இரண்டுக்கும் மருந்து பழக்கம் மட்டும்தான். “கை பயப்பட்டா துப்பாக்கியும் பயப்படுமுங்க” என்றார் பெரியவர்.

கண்டுபிடிப்பது எப்படி? அதற்கும் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். வெடிக்காத டம்மித் தோட்டாக்களை முறைப்படி அடுக்கிப் போட்டு, போல்ட்டை நிதானமாக இழுத்துத் தள்ளிப் பார்ப்பது. எத்தனையாவது தோட்டாவில் சிக்குகிறது? கடைசி ஒன்றிரண்டில் என்றால் ஸ்பிரிங்கைப் பார். எல்லாவற்றிலும் என்றால் வாயைப் பார். ஒழுங்காக ஏறும் இன்னொரு துப்பாக்கியின் மேகசினை இதில் மாட்டிப் பார். கோளாறு மறைந்தால் குற்றவாளி பழைய மேகசின். மறையவில்லை என்றால் குழல் அழுக்கு, போல்ட் என்று உள்ளே போ. வீட்டில் லைட் எரியாவிட்டால் முதலில் பல்பைக் கழற்றி வேறு ஹோல்டரில் போட்டுப் பார்ப்போமே, அவ்வளவுதான் சூட்சுமம்.

குமாரபாளையத்தில் தறிப்பட்டறை வைத்திருக்கிறவர்களைக் கேளுங்கள். முப்பது, நாற்பது வருடத் தறிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஊடை அறுந்துகொண்டே இருந்தால் யாரும் ‘தறி பழசு’ என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டார்கள். தார் சரியாகச் சுற்றியிருக்கிறதா, நாடாவில் பிசிறு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஏனென்றால் தறி நின்றால் கூலி நிற்கும். துப்பாக்கி நின்றால் யாருடைய சம்பளம் நிற்கிறது?

இங்கேதான் நான் படித்த பி.காம். கொஞ்சம் உதவுகிறது. கணக்குப் பதிவியலில் முதல் வருடமே சொல்லிக் கொடுப்பார்கள், மூலதனச் செலவு வேறு, வருவாய்ச் செலவு வேறு என்று. புதிய துப்பாக்கி வாங்குவது மூலதனச் செலவு. டெண்டர் உண்டு. கோப்பு உண்டு. அமைச்சர் ஒன்றைத் தூக்கிக் குறி பார்க்கிற மாதிரி போட்டோ உண்டு. மறுநாள் பேப்பரில் ‘நவீனமயமாகிறது காவல்துறை’ என்று தலைப்பு உண்டு. மேகசின் ஸ்பிரிங் மாற்றுவதும், சார்ஜர் வாங்குவதும், பயிற்சிக்குத் தோட்டா கொடுப்பதும் வருவாய்ச் செலவு. அதற்கு ரிப்பன் கிடையாது, போட்டோ கிடையாது. சுட்ட தோட்டா கையில் மிஞ்சாது. வெற்றுக்கூட்டை எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். எந்த அதிகாரிக்கு அதில் ஆர்வம் வரும்?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தேய்மானம் கழித்துக் கழித்து புத்தகத்தில் மதிப்பு பூஜ்யமாகிவிட்ட பொருளைக் கணக்குப் பிள்ளை மறந்துவிடுவார். பூஜ்ய மதிப்புள்ள பொருளுக்குப் பராமரிப்புச் செலவு கேட்டால் ஆடிட்டர் முறைப்பார். ஆனால் அந்தப் பூஜ்யத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கக் காவல் நிற்கிறார் ஒரு மனிதர். .303 காலாவதியானது என்று மத்திய உள்துறை அமைச்சகம் அறிவித்து இருபது வருடத்துக்கு மேல் ஆன பிறகும், உத்தரப் பிரதேச போலீஸில் ஏறக்குறைய பாதிப்பேர் அதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்று 2017ல் சி.ஏ.ஜி. அறிக்கை சொன்னது. 2020 குடியரசு தின அணிவகுப்பில்தான் அந்த மாநிலம் அதற்குக் கடைசி சல்யூட் அடித்து வழியனுப்பியது. காலாவதி என்று அறிவித்ததற்கும் வழியனுப்பியதற்கும் நடுவில் அந்தத் துப்பாக்கிகளை யாராவது மனசார ரிப்பேர் செய்திருப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்? போகப்போகிற மாட்டுக்கு யார் புண்ணாக்கு வைப்பார்கள்?

இதன் விலை என்ன என்று 2008 நவம்பர் 26 இரவு மும்பை சி.எஸ்.டி. ரயில் நிலையத்தில் பார்த்தோம். ஏ.கே. 47 வைத்திருந்த இரண்டு பேர். ஐம்பதுக்கும் மேற்பட்ட பிணங்கள். காவலுக்கு நின்றவர்களில் சிலர் கையில் .303. சிலர் சுடவே இல்லை என்று அங்கே உயிரைப் பணயம் வைத்துப் படம் எடுத்த பத்திரிகைப் புகைப்படக்காரர் பிறகு சொன்னார். ஜில்லு யாதவ் என்ற ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர், சகாவின் கையில் இருந்த ரைஃபிளை வாங்கிச் சுட்டார். அதோடு முடியாமல் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி அவர்கள் மேல் எறிந்தார். நாற்காலி!

மறுநாள் எல்லோரும் சொன்னது, ‘பழைய துப்பாக்கி சார்’. சரி, நெரிசலான இடத்தில் நெருக்கத்தில் ஏ.கே.க்கு முன்னால் போல்ட் துப்பாக்கி பின்தங்கும்தான். மறுக்கவில்லை. ஆனால் நிமிடத்துக்குப் பதினைந்து குண்டு குறிபார்த்துச் சுட முடிந்த ஆயுதம், பழகிய ஒருவர் கையில் இருந்திருந்தால் அந்த இரவு வேறு மாதிரி இருந்திருக்கும். கடைசியாக எப்போது சுட்டோம் என்பதே மறந்துபோன கையில் எதைக் கொடுத்தால் என்ன? தாக்குதலை விசாரித்த ராம் பிரதான் குழுவே, மும்பை போலீஸுக்குப் பயிற்சிக்குத் தோட்டா இல்லாத நிலையைச் சுட்டிக்காட்டியது. அந்த வரியை யார் நினைவில் வைத்திருக்கிறார்கள்? ‘பழைய துப்பாக்கி’ மட்டும் நின்றுவிட்டது.

புதுசு வாங்கினால் தீர்ந்துவிடுமா? இன்சாஸ் ரைஃபிளை நாமே வடிவமைத்தோம், பெருமைப்பட்டோம். 1999 கார்கில் குளிரில் அதன் பிளாஸ்டிக் மேகசின்கள் விரிசல் விட்டன. 2005ல் நேபாள ராணுவம் மாவோயிஸ்டுகளிடம் ஒரு முகாமைப் பறிகொடுத்த பிறகு, இந்தியா கொடுத்த இன்சாஸ் காலை வாரிவிட்டது என்று பகிரங்கமாகவே புகார் சொன்னது. கவனித்தீர்களா, கார்கிலிலும் மேகசின்தான்! துப்பாக்கியிலேயே மலிவான, அடிக்கடி அடிபடுகிற பாகம் அது. யாரும் திரும்பிப் பார்க்காத பாகமும் அதுதான். நாளைக்கு ஏ.கே. 203ஐயே கொடுத்தாலும் மேகசினைத் தரையில் போட்டு மிதித்தால் அதுவும் சிக்கத்தான் செய்யும். நம் திருச்சித் தொழிற்சாலை ‘டார்’ என்று ஏ.கே. ரகத்தில் அருமையான ரைஃபிள் செய்கிறது. நாமக்கல்லிலிருந்து பஸ் ஏறினால் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். துப்பாக்கியை அங்கிருந்து வாங்கிவிடலாம், துடைக்கிற பழக்கத்தை எந்தத் தொழிற்சாலையில் வாங்குவது?

இந்த இடத்தில் ஒரு வாசகர் எழுந்து நின்று கேட்பார் என்று தெரியும். ‘யோவ், போலீஸ் துப்பாக்கி ஒழுங்காக வேலை செய்ய வேண்டும் என்று நீ ஏன் கவலைப்படுகிறாய்? சிக்கிக்கொண்டால் நாலு உயிர் பிழைக்குமே!’

நியாயமான கோபம். அதிலும் இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் கோபத்துக்கு உரிமை உண்டு. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறைக்குள் சுட்டதில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். மலபார் பகுதியைச் சேர்ந்தவர்கள் அதிகம். குடியரசு பிறந்து பதினாறே நாள். 2018ல் தூத்துக்குடியில் 13 பேர். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் எழுதுகிறேன்.

சுட உத்தரவு போடுவது சரியா, யார் போட்டது, ஏன் போட்டது என்பது தனி வழக்கு. அதில் நான் எந்தப் பக்கம் என்பது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். ஆனால் சிக்கிக்கொள்ளும் துப்பாக்கி மனிதாபிமானமுள்ள துப்பாக்கி என்று நினைப்பது ஏமாளித்தனம். கும்பலுக்கு நடுவில், கல் பறந்து வரும்போது, தோட்டா பாதியில் நின்ற ரைஃபிளோடு ஒருவர் மல்லுக்கட்டுவதைக் கற்பனை செய்யுங்கள். குழாயின் வாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அவருக்கே தெரியாது. போல்ட்டை ஓங்கி அடிக்கிறார். பதற்றத்தில் விரல் விசைமேல் இருக்கிறது. திடீரென்று அது ஏறிக்கொள்கிறது. முழங்காலுக்குக் கீழே சுட வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கலாம். வருடம் முழுக்கச் சுட்டுப் பழகாத கைக்கு முழங்கால் எது, நெஞ்சு எது? அந்தக் கூட்டத்தில் நிற்கப்போவது நீங்களும் நானும்தான். சுடத் தெரியாதவரிடம் எனக்குள்ள பயம், சுடத் தெரிந்தவரிடம் உள்ளதைவிட அதிகம்.

விழுந்த பிறகு யார் மாட்டுவார்? விசாரணை வரும். ‘ஆயுதத்தைச் சரிவரக் கையாளவில்லை’ என்று ஒரு கான்ஸ்டபிள் பெயரில் மெமோ போகும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று அவரைப் பார்த்து நாமும் சொல்வோம். இங்கே கூடம் நிஜமாகவே கோணலய்யா! அதைக் கட்டியவர்தான் மெமோவில் கையெழுத்துப் போடுகிறார்.

லாரிக்கு எஃப்.சி. இருக்கிறது. எட்டு வருடத்தைத் தாண்டிய லாரி என்றால் வருடா வருடம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் போய் நிற்க வேண்டும். பிரேக், லைட், கண்ணாடி என்று பார்ப்பார்கள். அங்கே நடக்கும் ‘கவனிப்பு’ பற்றி நாமக்கல்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் ஓட்டிப் பார்க்காமல் எஃப்.சி. கொடுத்தால் கேட்க ஒரு சட்டமாவது இருக்கிறது. போலீஸிலும் ஆர்மரர் என்று தனி வேலை உண்டு. வருடாந்திர ஆய்வும் உண்டு. எதை ஆய்கிறார்கள்? நம்பர் சரியா, எண்ணிக்கை சரியா, குழல் பளபளக்கிறதா, இடுப்பு பெல்ட் மின்னுகிறதா. மேகசின் நிறைய டம்மித் தோட்டா போட்டு இழுத்துத் தள்ளிப் பார்க்கும் அதிகாரியை என் பெரியவர் தன் ராணுவ சர்வீஸில் பார்த்திருக்கிறார். போலீஸில் அப்படி ஒருவரைப் பார்த்ததாக எனக்குத் தெரிந்த கான்ஸ்டபிள் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 21 அன்று சேலம் குமாரசாமிப்பட்டி ஆயுதப்படை மைதானத்தில் காவலர் வீரவணக்க நாள் நடக்கிறது. 1959ல் அதே தேதியில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையிடம் உயிரைவிட்ட 10 போலீஸ்காரர்களின் நினைவாக நாடெங்கும் நடப்பது. மலர்வளையம், குண்டு முழக்கம், மௌனம். செத்த காவலருக்கு இத்தனை மரியாதை. உயிரோடு இருக்கும் காவலருக்கு ஒரு ஸ்பிரிங் கொடுக்க மனசில்லை.

ஆகவே ஒரு காரியம் செய்திருக்கிறேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் சேலத்துக்கு ஒன்றும் நாமக்கல்லுக்கு ஒன்றுமாக இரண்டு மனு எழுதியிருக்கிறேன். கடந்த மூன்று வருடங்களில் ஆயுதப்படைக் காவலர் ஒருவர் பயிற்சியில் சராசரியாக எத்தனை நிஜத் தோட்டா சுட்டார்? எத்தனை மேகசின்கள், எத்தனை ஸ்பிரிங்குகள் மாற்றப்பட்டன? ஆய்வின்போது தோட்டா ஏற்றிச் சோதித்த துப்பாக்கிகள் எத்தனை? ‘சிக்கியது’ என்று புகார் வந்தவற்றில் எத்தனைக்கு மேகசினைப் பார்த்தார்கள், எத்தனைக்கு மெமோ கொடுத்தார்கள்?

பாதுகாப்புக் காரணம் என்று சொல்லி மறுப்பார்கள் என்று நண்பர்கள் இப்போதே சொல்கிறார்கள். மறுத்தால் மேல்முறையீடு செய்வேன். தான் கடைசியாக எப்போது சுட்டோம் என்பது அந்த மைதானத்தில் நிற்கும் ஒவ்வொரு காவலருக்கும், அவர் வீட்டுக்காரம்மாவுக்கும் தெரியும். இதில் யாரிடமிருந்து எதை மறைக்கிறார்கள்? பதில் வந்ததும் இதே பக்கத்தில் எண்களை அப்படியே போடுகிறேன்.